மூன்று ஜனாதிபதிகளுக்கு ஒரு நிமிட மௌனம்

லிங்கராஜபுரம், பெங்களூரு
12 ஜனவரி 2026

அன்புள்ள மித்ரா,

நேற்று உன் நிச்சயதார்த்த வீடியோ காலில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னது தப்புதான். முதல் வரியிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் என்ன எழுதுகிறேன் என்று உன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் நினைத்தது வேறு. மாப்பிள்ளை ரோஹனின் அப்பா அம்மா மைசூர்க்காரர்கள்தான், ஆனால் அமெரிக்காவில் முப்பது வருஷம் இருந்தவர்கள். சீட் கவர் தைக்கிறவன், பத்தாம் கிளாஸ் படித்தவன், இவனுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் நினைக்கக் கூடாது இல்லையா? கல்யாணம் ஜூலை நாலு என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அதனால் கிளிஃபர்டின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், அந்தத் தேதியில் அமெரிக்காவில் என்னென்ன நடந்தது என்று பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

முதல் வரி 1776, சுதந்திரப் பிரகடனம். அது எல்லோருக்கும் தெரிந்தது. அதைப் போய் அவர்களிடமே சொல்ல என்ன இருக்கிறது? கீழே வந்தேன். 1826, ஜூலை நாலு. ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் என்று முன்னாள் ஜனாதிபதிகள் இரண்டு பேர் ஒரே நாளில் இறந்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே ஜூலை நாலு, ஜேம்ஸ் மன்றோ. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைச் சொன்னால் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கோலார் தங்கவயலில் யூனியன் கூட்டங்களில் வளர்ந்தவன். மேடையில் இறந்தவர் பெயரைச் சொன்னால் அடுத்தது என்ன என்று என் வாய்க்குத் தானாகத் தெரியும். ஒரு நிமிட மௌனம் என்று கன்னடத்தில் அறிவித்துவிட்டேன். அவர்களும் தங்கமான மனிதர்கள், எழுந்து நின்றுவிட்டார்கள். ரோஹனின் அம்மா மட்டும் தலை குனிந்தபடியே, "யாரு ஹோகிபிட்ரு?" என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. யார் போய்விட்டார்கள் என்று நான் பதில் சொன்னால் மௌனம் கலைந்துவிடும். அதனால் சொல்லவில்லை.

"இனிமே போன்ல பேசாதீங்கப்பா, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று நீ சொன்னதால் இந்தக் கடிதம். கிளிஃபர்ட் இதை ஸ்கேன் செய்து அனுப்புவார். படித்துவிட்டுத்தான் அனுப்புவார், எனவே அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் யோசி. மூன்று ஜனாதிபதிகள் செத்த நாளில் கல்யாணம் வேண்டாம். இது மூடநம்பிக்கை இல்லை. மூடநம்பிக்கை என்றால் நட்சத்திரம் பார்ப்பது. நான் பார்ப்பது சரித்திரம்.

ஜெய்பீம்.
அப்பா


சியாட்டில்
18 ஜனவரி 2026

அப்பா,

இறந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு முந்தியவர்கள் என்று நான் விளக்கியதும் ரோஹனின் அம்மா "உங்க அப்பாவுக்கு அவங்க ஏதாவது உறவா?" என்று கேட்டார். ரோஹன் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்து விழுந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் நாள் நட்சத்திரம் பார்க்காத குடும்பம் என்று நான் சொன்னதால் அவர்கள் தங்கள் ஜோசியரையே விட்டுவிட்டார்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது? தாத்தா தினசரிக் காலண்டரில் ராகு காலம் போட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் சுவரில் மாட்டுவார் என்று நீங்கள்தானே பெருமையாகச் சொல்வீர்கள்? அவருடைய மகன் இப்போது அமெரிக்கப் பஞ்சாங்கம் பார்க்கிறார். அதற்கு ஜோசியர் கிளிஃபர்ட் அங்கிள்.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஏப்ரல் 14. பாபாசாகேப் பிறந்த நாள். செவ்வாய்க்கிழமைதான், நாங்கள் இரண்டு பேரும் லீவு போடுகிறோம். உங்கள் விசா இன்டர்வியூ மார்ச் 9, சென்னையில். அது முடிந்த கையோடு நீங்களும் அம்மாவும் கிளம்பினால் சரியாக இருக்கும். இதில் எந்தக் குறையும் உங்களால் சொல்ல முடியாது.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே என் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தேதி எனக்கு எதுவானாலும் சரி.

மித்ரா


லிங்கராஜபுரம்
27 ஜனவரி 2026

அன்புள்ள மித்ரா,

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கிளிஃபர்ட் பார்த்துவிட்டார்.

1865, ஏப்ரல் 14. ஆபிரகாம் லிங்கன் மனைவியோடு நாடகம் பார்க்கப் போன இடத்தில் சுட்டுவிட்டார்கள். 1912, அதே ஏப்ரல் 14. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அது எங்கே போய்க்கொண்டிருந்த கப்பல்? அமெரிக்காவுக்கு. நானும் உன் அம்மாவும் எங்கே போக வேண்டியவர்கள்? அதை நீயே யோசி. 1935, மறுபடியும் ஏப்ரல் 14. அங்கே புழுதிப் புயல் அடித்துப் பட்டப்பகலில் இருட்டாகிவிட்டதாம். இதை நான் சத்தமாகப் படித்தபோது உன் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இங்க ரிங் ரோட்டுல தெனமும் அதான்யா. அதுக்கு யாருனா தேதி எழுதி வெக்கிறாங்களா?"

ஆனால் என் சங்கடத்தைப் புரிந்துகொள். 1891 ஏப்ரல் 14ஐக் கெட்ட நாள் என்று சொல்ல என் நாக்கு எழாது. லிங்கனை மறைக்கவும் மனசு வராது. கிளிஃபர்ட் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். "பாரு அசோக். அம்பேத்கர் ப்ளஸ். லிங்கன் மைனஸ், கப்பல் மைனஸ், புயல் மைனஸ். மெஜாரிட்டி மைனஸ்ப்பா."

"பாபாசாகேபுக்கு ஒரே ஒரு ஓட்டா?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் புயலும் அவரும் ஒண்ணாய்யா உனக்கு?"

"நான் என்ன பண்றது, பேப்பர்ல அப்படித்தான் வருது" என்றார். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியில் அம்பேத்கருக்கு நாலு ஓட்டு என்று முடிவாயிற்று. ஆனால் அதற்குள் நாளைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு அதே நாளில் கல்யாணம் வைக்க ஒரு மாதிரியாக இருந்தது.

மேலும் அன்றைக்கு நீலசந்திராவில் நடக்கும் அம்பேத்கர் ஜெயந்தி விழாப் பாயசம் வருஷா வருஷம் என் பொறுப்பு. வேறு யாரிடம் விட்டாலும் முந்திரி பாத்திரம் வரைக்கும் வந்து சேராது.

அவசரம் என்ன? ஆகஸ்டு, செப்டம்பர் என்று பார்க்கலாமே. செப்டம்பரில் பதினொன்று வேண்டாம். அது எனக்கே தெரியும், கிளிஃபர்ட் தேவையில்லை.

ஜெய்பீம்.
அப்பா


சியாட்டில்
3 பிப்ரவரி 2026

அப்பா,

அம்மா போன் செய்தாள். மார்ச் 9 இன்டர்வியூவை மே 18க்குத் தள்ளிவிட்டீர்களாமே. அவளுக்கும் சேர்த்து. அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொள்ளும் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தவளிடம் கிளிஃபர்ட் அங்கிள், "அவசரமில்லையேக்கா, மே மாசம்தானே?" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. லிங்கனும் இல்லை, டைட்டானிக்கும் இல்லை. உங்களுக்கு அந்த விசா ஜன்னலைப் பார்த்துப் பயம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் கேட்பார், நமக்குப் பதில் வராது, எல்லார் முன்னாலும் அவமானமாகிவிடும். அதற்காக நான் சொல்கிற தேதிக்கெல்லாம் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேனா?

இனி நான் தேதி கேட்கப்போவதில்லை. ஜூலை நாலு. ஏரிக்கரைப் பூங்காவில் இடம் பதிவு செய்துவிட்டோம். மே 18ஐயும் விட்டுவிட்டால் விசாவுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும், கல்யாணத்துக்கு வரவே முடியாது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நீங்கள் இல்லாமல் நடந்தால் அந்தத் தேதியின் நான்காவது துக்கச் செய்தி என் கல்யாணம்தான். அதையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மித்ரா


லிங்கராஜபுரம்
15 பிப்ரவரி 2026

அன்புள்ள மித்ரா,

உன் கடிதத்தைக் கிளிஃபர்ட் எனக்கு முன்னால் படித்துவிட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ சொல்லட்டுமா அசோக்?" என்றார். அவர் கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதிலிருந்தே உன் கடிதம் எவ்வளவு காரம் என்று தெரிந்துவிட்டது.

நீ சொன்னது சரி. பயம்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் முப்பத்தைந்து மார்க் வாங்கினேன், அதிலும் பத்து மார்க் பக்கத்தில் உட்கார்ந்த பையனுடையது. ஒரு பெட்ரோல் பங்க் மேனேஜர் இங்கிலீஷில் "ஹலோ" சொன்னாலே நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பங்குக்குப் போகிறவன்.

ஆகவே ஒத்திகை ஆரம்பித்திருக்கிறோம். ஜெராக்ஸ் கடைக் கவுன்டரில் கண்ணாடி இருக்கிறதல்லவா? அதற்குப் பின்னால் கிளிஃபர்ட் சர்ச்சுக்குக் கட்டுகிற டையைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா ஆகிறார். நான் வெளியே பைலோடு நிற்கிறேன்.

"ஒய் யூ ஆர் கோயிங் டு யு.எஸ்.?"

"மை டாட்டர் மேரேஜ் சார்."

"ஹூ ஈஸ் தி பாய்?"

"குட் பாய் சார்."

முதல் நாளே நடுவில் ஒரு அம்மா வந்து ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டார். அமெரிக்கா நின்றது. முன்னும் பின்னும் எடுத்துக் கொடுத்து, சில்லறை இல்லாமல் எதிர்க் கடைக்குப் போய் மாற்றி வந்து, மறுபடி டையைச் சரிசெய்துகொண்டு அமெரிக்கா ஆனது. இன்றைக்கு என்னை ரிஜெக்ட் செய்துவிட்டார்.

"ஏன்யா? எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"ரொம்ப சார் சார்ங்கறப்பா. ஏதோ தப்பு பண்ணவன் மாதிரி இருக்கு. எனக்கே டவுட் வருது."

உன் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "நானும்தானே வர்றேன்? என்னை யாரும் கேக்க மாட்டாங்களா?" அவளுக்குப் பயமே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மே 18ஐத் தள்ள மாட்டேன். தள்ள நினைத்தாலும் முடியாது, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை உன் அம்மா கிளிஃபர்டிடம் சொல்லி மாற்றிவிட்டாள். ஆனால் ஜூலை நாலு மனசில் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. மூன்று பேர், மித்ரா.

ஜெய்பீம்.
அப்பா


சியாட்டில்
28 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பா,

இன்று பிப்ரவரி 28. 2001இல் இதே தேதியில் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றைக்கு நீங்கள் வேலை போய், தூக்குவாளியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தீர்கள் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவில்லை, மூன்றரை வயது.

உங்கள் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தேன். அதே 2001, அதே பிப்ரவரி 28, சியாட்டில் பக்கத்தில் பெரிய நிலநடுக்கம். நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த ஊர் அன்றைக்கு ஆடியிருக்கிறது. படித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நாள் கெட்ட நாளா அப்பா? கெட்ட நாள்தான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் சுரங்கத்தை மூடாமல் இருந்திருந்தால் நீங்கள் பெங்களூருக்கு வந்திருக்க மாட்டீர்கள், நான் இங்கே வந்திருக்க மாட்டேன், நீங்கள் யாருக்கும் மௌன அஞ்சலி செலுத்தியிருக்கவும் மாட்டீர்கள்.

இன்னொன்று. உங்கள் கல்யாணம் 1995 அக்டோபர் 29. 1929இல் அதே அக்டோபர் 29 அன்று நியூயார்க் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. தாத்தாவுக்கு ஒரு கிளிஃபர்ட் அங்கிள் கிடைத்திருந்தால் நான் பிறந்தே இருக்க மாட்டேன்.

கடைசியாக, உங்கள் ஜனாதிபதிகள். அந்த பிரிண்டில் பாதிதான் இருக்கிறது. ஆடம்ஸும் ஜெஃபர்சனும் முதலில் நண்பர்கள். தேர்தலில் மோதி, பிறகு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசவில்லை. வயதான காலத்தில் ஆடம்ஸ் ஒரு கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் பதில் எழுதினார். அதற்கப்புறம் சாகும்வரை இருவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நேரில் பார்க்கவே இல்லை, அப்பா. கடிதத்திலேயே சேர்ந்தவர்கள். ஒரே நாளில் போனார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

நமக்குக் கடிதம் மட்டும் போதாது. நீங்கள் நேரிலும் வர வேண்டும்.

மித்ரா


லிங்கராஜபுரம்
8 மார்ச் 2026

அன்புள்ள மித்ரா,

அக்டோபர் 29 விஷயத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதான் நம்ம வூட்ல காசு நிக்க மாட்டேங்குது. நான் உன்னைத்தான் இவ்ளோ நாளா திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது போல ஏதோ ஒன்று சொன்னது இதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு என் நன்றி.

பிப்ரவரி 28 பற்றி எழுதியிருந்தாய். அதை நான் கடை மெஷினில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். ஒரு புல்லட் சீட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

ஆடம்ஸ், ஜெஃபர்சன் கதை கிளிஃபர்டுக்கே தெரியாது. ரொம்ப வருத்தப்பட்டார். "பர்ஸ்ட் பேஜ்ல போடாம இதை எங்கப்பா வெச்சானுங்க" என்று இன்டர்நெட்டையே திட்டினார்.

ஜூலை நாலு சரி. ஒரே நிபந்தனை. அந்த இரண்டு பேர் போல நாமும் கடிதம் எழுதி ராசியாகிவிட்டோம். அதற்காக அவர்களைப் போலவே ஒரே நாளில் போய்ச் சேர வேண்டியதில்லை.

ரோஹனின் அம்மாவுக்கு என் வணக்கம் சொல். கல்யாணத்தில் என்னிடம் மைக் கொடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜெய்பீம்.
அப்பா


லிங்கராஜபுரம்
23 மே 2026

அன்புள்ள மித்ரா,

விசா கிடைத்த செய்தியை உன் அம்மா போனில் கத்திச் சொல்லிவிட்டாள். நடந்ததை மட்டும் நான் எழுதுகிறேன். அவள் சொன்னால் என் பெயர் இன்னும் கெடும்.

சென்னையில் வெயில் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புது ஷூ போட்டிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிளிஃபர்ட் எழுதிக் கொடுத்ததை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். மை டாட்டர் மேரேஜ். குட் பாய். ஓன் ஷாப். பிஃப்டீன் டேஸ் ஒன்லி.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண், உன் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வணக்கம் ஐயா. எதுக்காக அமெரிக்கா போறீங்க?" என்றாள்.

தமிழ், மித்ரா. சுத்தமான தமிழ். மூன்று மாசம் நான் பாடுபட்டது எதற்கு? எனக்கு மூளை நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை, பழக்கப்பட்ட ரூட்டிலேயே போனது.

"மை டாட்டர் மேரேஜ், மேடம்."

"சந்தோஷம். பொண்ணு அங்க என்ன வேலை பாக்குறாங்க?"

"ஷீ ஈஸ் சாஃப்ட்வேர், மேடம்."

உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், அவங்க தமிழ்லதான்யா கேக்குறாங்க. தமிழ்ல சொல்லு!"

"ஓகே, ஓகே" என்று அவளுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கல்யாணம் என்னைக்கு?" என்றாள்.

"ஜூலை ஃபோர்."

"அட, எங்க சுதந்திர தினம்! நல்ல நாளாச்சே."

"எஸ் மேடம். த்ரீ பிரசிடென்ட்ஸ் ஆல்சோ..."

அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. உன் அம்மா என் புது ஷூவின் மேல் ஏறி நின்றுவிட்டாள். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். மாப்பிள்ளை யார், யார் வீட்டில் தங்குவோம், கடையை யார் பார்த்துக்கொள்வார்கள், எல்லாம். இவள் என்னவோ போன வாரம்தான் அமெரிக்கா போய் வந்தவள் மாதிரி. அந்தப் பெண்ணிடம் "தமிழ் எங்க கத்துக்கினீங்கம்மா?" என்று இவள் திருப்பி ஒரு இன்டர்வியூ எடுத்தாள்.

கடைசியில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "கல்யாணம் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவீங்களா ஐயா?"

கிளிஃபர்ட் இதற்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார், இங்கிலீஷில், நாலு வரி. ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. "கடை இருக்குதும்மா. வீடு இருக்குது. வராம எங்க போறது?" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே தமிழ் அதுதான்.

அவள் ஏதோ தட்டினாள். எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. பறிமுதல் செய்துவிட்டார்கள், எல்லாம் அந்த ஜனாதிபதிகளால் வந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா ஜூஸ் வாங்கப் போய்விட்டாள். பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பக்கத்தில் ஒருவர், "என்ன சார், ரிஜெக்டா?" என்று கேட்டார். "பாஸ்போர்ட்டையே புடுங்கிக்கினாங்க சார்" என்றேன். "அட, வெச்சிக்கிட்டாங்கன்னா விசா கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம் சார்! திருப்பிக் கொடுத்தாத்தான் இல்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு அன்றைக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் குலுக்கினார்.

நேற்று பாஸ்போர்ட் வந்துவிட்டது. என் போட்டோவைப் பார்த்துக் கிளிஃபர்ட், "ஏதோ மௌன அஞ்சலி செலுத்துற மாதிரியே இருக்கேப்பா" என்றார். ஜூன் கடைசியில் கிளம்புகிறோம். ஊறுகாய் எத்தனை பாட்டில் என்று எழுது. ஜெய்பீம்.

இன்னொன்று. திரும்பி வந்துடுவீங்களா என்று அந்த விசாப் பெண் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ கிளம்பிய அன்றைக்கு, ஏர்போர்ட் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் உன்னிடம் என்னென்னவோ கேட்டேன். பெட்டி எடை சரியா, ஸ்வெட்டரை மேலாக வைத்தாயா, இறங்கினதும் போன் செய்வாயா என்று. அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியை மட்டும் நான் உன்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்பா